அடி வாங்குகிறவன் திரையில் என்ன தெரியும்?

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கார்த்தி கண்ணு,

உங்கள் ஆன்லைன் கேமுக்காக நீ எழுதி அனுப்பிய கோப்பை முழுசாகப் படித்துவிட்டேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுக்கொண்டு அப்புறம் உன் போக்கில்தான் செய்வாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன். உன் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் காட்டு. அவர்களும் என்னோடு சண்டைக்கு வரட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கணவாய், சுங்கச்சாவடி, ராத்திரியில் வரிசையாகப் போகும் சரக்கு வண்டிகள் எல்லாம் ரொம்பப் பிடித்தது. பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்தே வளர்ந்தவன் வரைந்தது என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாமல் போனாலும் பரவாயில்லை. இப்படி ஒரு ஊரில் திருடன் இல்லாவிட்டால்தான் அதிசயம். ஆடுகிறவர்கள் எடுக்கப் புதிதாக ஒரு மறைகிற கிளாஸ் (பாத்திர வகை) வேண்டும் என்று நீ முடிவெடுத்தது சரி.

ஆனால் உன் 'நிழலன்' எப்படி இருக்கிறான் பார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பான். முழு வேகத்தில் நடப்பான். முதுகுப் பக்கம் வந்து ஒரு குத்து குத்தினால் எதிரியின் ஹெல்த்தில் பாதி போய்விடும். எட்டு வினாடி கழித்து மறுபடி மறைந்துவிடுவான். இதைப் படிக்கிற எவனுக்கும் கை துறுதுறுக்கும். கேமைத் திறந்த முதல் வாரம் பாதிப் பேர் நிழலனைத்தான் எடுப்பார்கள். இரண்டாம் வாரம் மிச்சப் பாதிப் பேர் கேமை விட்டுப் போயிருப்பார்கள். கோப்பு முழுக்க மறைகிறவன் என்ன செய்வான் என்று எழுதியிருக்கிறாய். குத்து வாங்குகிறவன் திரையில் அந்த நேரத்தில் என்ன தெரியும், என்ன கேட்கும், அவன் கை என்ன செய்யலாம் என்று ஒரு வரி கிடையாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம்.

இந்தக் கிளாஸின் பிறப்பிலேயே அந்தச் சிக்கல் இருக்கிறது. 1974-இல், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது வீரன், மந்திரவாதி, பூசாரி என்று மூன்றே கிளாஸ்தான். மறுவருடம் கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகத்தில் திருடன் வந்தான். பாவம், ரொம்ப நோஞ்சான். உயிருக்கு அவன் உருட்டுவது நாலு முக டைஸ், வீரனுக்கு எட்டு முகம். முதல் லெவலில் அவன் நிழலில் மறைவதற்கு இருந்த வாய்ப்பு நூற்றுக்குப் பத்து. ஆனாலும் அவனை எடுத்தவர்கள் சந்தோஷமாகத்தான் ஆடினார்கள். மேசையில் இருக்கிறவர்களில் ஒரு ஆள் கதை சொல்வார். திருடன் ஏமாற்றுவது அவர் ஆட்டிவைக்கிற ஒரு பூதத்தை. ஏமாந்த பூதம் வீட்டுக்குப் போய் அழாது. ஆன்லைனில் ஏமாறுகிறவன் இன்னொரு வீட்டில், ஆபீஸ் முடிந்து வந்து, காசு கட்டி ஆட உட்கார்ந்த மனுஷன். மேசையில் இருந்த திருடனை அப்படியே தூக்கி இங்கே வைத்ததால் வந்த வழக்குகள்தான் இருபத்தைந்து வருடமாக எல்லாக் கேமிலும் நடந்துகொண்டிருக்கின்றன.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இந்தத் திருடனுக்கு ரோக் என்று பேர், அதுதான் என் கிளாஸ் என்று உனக்குத் தெரியும். ரோக் என்றால் எல்லோரும் ஸ்டன் செய்தே கொல்கிறவன் என்று திட்டுவார்கள். அவனை அளவோடு வைத்திருந்தது எது என்று அவன் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 2004-இல் வந்த பழைய வடிவத்தையே எடுத்துக்கொள், டேலண்ட் எதுவும் சேர்க்காத வெறும் கணக்கு. எனர்ஜி 100-இல் தொடங்குவாய். மறைவிலிருந்து போடும் முதல் அடி சீப் ஷாட், அதற்கு 60 போய்விடும், எதிராளி 4 வினாடி அசைய முடியாது. கையில் மிச்சம் 40. இரண்டு வினாடிக்கு 20 வீதம்தான் ஊறும். 60 சேர்ந்ததும் முதுகில் பேக்ஸ்டாப். அதோடு எனர்ஜி தீர்ந்துவிட்டது. ஸ்டன் முடிகிற நேரத்தில் உன்னிடம் 20 இருக்கும். அடுத்த ஸ்டனான கிட்னி ஷாட்டுக்கு 25 வேண்டும். அந்த ஐந்து எனர்ஜிதான் எதிராளியின் உயிர். அந்த ஒரு இடுக்கில் அவன் ஓடலாம், உன்னைப் பயமுறுத்தி விரட்டலாம், மருந்து குடிக்கலாம், திரும்பி அடிக்கலாம். நல்ல ரோக் அந்த இடுக்கை எப்படி மூடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வான், நல்ல எதிராளி அதற்காகவே விரலை பட்டனில் வைத்துக் காத்திருப்பான். இரண்டு பேரும் விளையாடுகிறார்கள். உன் நிழலன் குத்தும்போது ஒருவன்தான் விளையாடுகிறான்.

அந்தக் கேமிலும் போகப் போக டேலண்ட், நல்ல ஆயுதம் எல்லாம் சேர்ந்து இடுக்கு சுருங்கியது. ஒரே வகை ஸ்டன்னைத் திரும்பத் திரும்பப் போட்டால் முதலில் முழு நேரம், அடுத்து பாதி, அடுத்து கால், அதற்குப் பிறகு பலிக்காது என்கிற விதி இல்லாவிட்டால் ஒருவரும் தாங்கியிருக்க மாட்டார்கள். உன் கேமில் இந்த விதியை முதல் நாளே எழுதி வை. பின்னால் சேர்த்தால் "என் கிளாஸை அறுத்துவிட்டாயே" என்று நிழலன்கள் எல்லாம் கூடி உன்னைத் திட்டுவார்கள். முதலிலேயே இருந்தால் அது ஊர் வழக்கம், யாரும் கேட்க மாட்டார்கள்.

மறைவுக்கு விலை வைக்கிற விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரக்னராக் ஆன்லைன். 2002-இல் கொரியாவில் வந்தது. அதில் சாதாரணத் திருடன் ஒளியலாம், ஆனால் ஒளிந்த இடத்தைவிட்டு நகர முடியாது. அசாசின் ஆனால் கிளோக்கிங் கிடைக்கும். தொடக்க லெவல்களில் சுவரை ஒட்டித்தான் நடக்க முடியும். சுவரைவிட்டு ஒரு அடி விலகினால் ஆள் வெளியே தெரிந்துவிடுவான். அந்த ஸ்கில்லுக்கு இன்னும் பாயிண்ட் போட்டால்தான் திறந்த வெளிக்கு வரலாம், அதுவும் மெதுவாக. பூச்சி வகை அரக்கர்களும் பேய் வகை அரக்கர்களும் எப்படி ஒளிந்தாலும் பார்த்துவிடும். மந்திரவாதிக்கு சைட், பூசாரிக்கு ருவாக் என்று சுற்றிலும் ஒளி வீசித் தேடுகிற ஸ்கில்கள் உண்டு. இதில் எனக்குப் பிடித்தது என்ன என்றால், சுவர் விதி மறைகிறவனுக்குப் போட்ட தடை மாதிரி தெரியும், ஆனால் உண்மையில் தேடுகிறவனுக்குக் கொடுத்த துப்பு. கோட்டைக்குள் நுழைகிற பூசாரிக்குத் தெரியும், முதலில் சுவரோரம் பார்க்க வேண்டும் என்று. எங்கே தேடுவது என்று தெரிந்தால்தானே தேடுவது ஒரு விளையாட்டு ஆகும்?

உன் ஊரில் சுவருக்குப் பதில் நிழல் இருக்கிறது. கணவாயின் மேற்குச் சரிவு, வண்டிகளின் பக்கவாட்டு, சாவடிக் கூரை. நிழலன் நிழலில் இருக்கும்வரை மறைவு தீராமல் இருக்கட்டும். வெளிச்சத்தில் கால் வைத்தால் மூச்சு மாதிரி ஒரு அளவு குறையட்டும், தீர்ந்தால் வெளியே வந்துவிடட்டும். அதற்கு எதிராக எல்லாக் கிளாஸுக்கும் ஒரு லாந்தர் கொடு. மந்திரவாதிக்கு மட்டும் கொடுத்தாய் என்றால், மந்திரவாதி இல்லாத குழு கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்கும். லாந்தரை ஏந்தினால் ஒரு கை போய்விடும், கேடயம் பிடிக்க முடியாது, இரண்டு கை வாளும் எடுக்க முடியாது. ராத்திரி வண்டியோடு போகிற அஞ்சு பேரில் யார் லாந்தர் பிடிப்பது என்று அவர்களுக்குள் சண்டை வரும். வரட்டும். அந்தச் சண்டையை உண்டாக்கியவன் நிழலன், அவன் இன்னும் வரவேகூட இல்லை.

மற்றவர்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீயே தேடிப் படித்துக்கொள். கில்ட் வார்ஸ் 2-இல் மறைவு சில வினாடிதான். அடித்தால் 'ரிவீல்ட்' ஒட்டிக்கொள்ளும், அது போகிறவரை மறுபடி மறைய முடியாது. உன் எட்டு வினாடிக் கூல்டவுனை எடுத்துவிட்டு இந்த மாதிரி ஒன்று வை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 2016 கடைசியில் மறைவை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று நீண்ட நேரம் நிற்கும், ஆனால் எதிரி பக்கத்தில் வந்தால் தெரிந்துவிடும். இன்னொன்று பக்கத்தில் வந்தாலும் தெரியாது, ஆனால் கொஞ்ச நேரம்தான். ஊர்ந்து போவதற்கு முதலாவது, தப்பித்து ஓடுவதற்கு இரண்டாவது. உன் நிழலனுக்கு இரண்டும் ஒரே ஸ்கில்லில் இருக்கிறது, அதனால்தான் அவனிடம் தப்பவே முடியவில்லை.

இனி என் தொழில் பேச்சு. இது உன் புரோகிராமர் நண்பனுக்கு. மறைந்தவனை மற்றவர்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு, வரையாமல் மட்டும் விட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. எங்கே நிற்கிறான் என்ற தகவல் எதிராளியின் மெமரியில் உட்கார்ந்திருக்கும், திருட்டு நிரல் ஒன்று போட்டால் படித்துவிடலாம். சர்வரே அனுப்பக் கூடாது. வேலரண்ட் கேமில் சுவருக்குப் பின்னால் இருக்கிறவனின் இடத்தை, அவன் கண்ணில் படப்போகிற நேரம் வரைக்கும் சர்வர் அனுப்பாமல் வைத்திருக்கும். அதே யோசனைதான். அனுப்பாமல் வைத்தால் இன்னொரு தொல்லை வரும். வெளிப்படுகிற நொடியில் நெட் மெதுவாக இருந்தால், எதிராளி திரையில் ஆள் வானத்திலிருந்து குதித்த மாதிரி வருவான். அதனால் வெளிப்படுகிற தூரத்துக்குக் கொஞ்சம் முன்பே அனுப்பத் தொடங்கு.

முதுகுப் பக்கம் என்பதும் அப்படித்தான். ஓடுகிறவன் வினாடிக்கு ஏழு கஜம் போகிறான் என்று வை. 150 மில்லிசெகண்ட் தாமதத்தில் ஒரு கஜத்துக்கு மேல் தள்ளியிருப்பான், திரும்பியும் இருப்பான். நிழலன் திரையில் முதுகு, எதிராளி திரையில் முகம். இரண்டு பேருமே உண்மை சொல்வார்கள், இரண்டு பேருமே உன்னைத் திட்டி எழுதுவார்கள். பின்பக்கம் என்று குறுகலான முக்கோணம் போடாதே, பாதி வட்டம் கொடு. காலடிச் சத்தம் வைத்தால் அது வரும் இடத்தைத் துல்லியமாக அனுப்பாமல் சர்வரிலேயே கொஞ்சம் கலைத்து அனுப்பு. அப்புறம் ஒழுக்குகளைப் பார். நெருப்பு மழை பெய்தால் மறைந்தவன் மேல் பட்ட டேமேஜ் எண் மேலே மிதக்கிறதா? டேப் தட்டினால் அவன் டார்கெட்டில் வருகிறானா? கூட்டாளியின் நாய் அவனைப் பார்த்து வாலாட்டுகிறதா? எது ஒழுகலாம், எது ஒழுகக் கூடாது என்று நீங்கள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் மறைந்து போகிற ஸ்பை எதிரியின் மேல் இடித்துவிட்டால் ஒரு கணம் மினுங்குவான். அது வேண்டுமென்றே விட்ட ஒழுக்கு. அதனால்தான் குறுகிய வாசலில் கூட்டமாக நிற்பதுகூட அங்கே ஒரு காவல்.

அந்த ஸ்பை எதிரி அணி ஆள் மாதிரி வேஷமும் போடுவான், அதனால் உன் 'மாறுவேடம்' ஞாபகம் வருகிறது. அது நிழலனின் பதினைந்தாம் லெவலில் ஒரு ஓரத்தில் கிடக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் கிளாஸின் நடு. நம் தமிழ் டீச்சர் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நடத்தியபோது நீ பெஞ்சுக்கு அடியில் படம் வரைந்துகொண்டிருந்திருப்பாய், எனக்கு மனசில் இருக்கிறது. கோவலனைப் பார்த்தால் திருடன் மாதிரி தெரியவில்லையே என்று காவலர்கள் தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் திருடர்களின் துணைகள் எட்டு என்று அடுக்குகிறான். மந்திரமும் மருந்தும் தெய்வமும் உண்டு, சகுனம் பார்ப்பது உண்டு, தந்திரம், இடம், காலம் பார்ப்பது உண்டு, கருவியும் உண்டு. படித்தபோதே இது ஒரு ஸ்கில் ட்ரீதானே என்று தோன்றியது. அப்புறம் ஒரு கதை சொல்கிறான். ஒரு திருடன் தூதுவன் வேஷத்தில் அரண்மனை வாசலில் காத்திருக்கிறான். இருட்டியதும் பெண் வேஷத்தில் உள்ளே போகிறான். விளக்கின் நிழலில் நடந்து போய், தூங்குகிற இளவரசனின் ஆரத்தைக் கழற்றுகிறான். விழித்த இளவரசன் வாளை உருவினால், உறை திருடன் கையில். வெட்ட வெட்ட உறையில் வாங்கிக்கொள்கிறான். மல்லுக்கு இழுத்தால் மணித்தூண் ஒன்றைக் காட்டிவிட்டு நழுவிவிடுகிறான். இளவரசன் கட்டிப் புரள்வது தூணோடு. மாறுவேடம் இரண்டு, நிழல் நடை, ஒரு தடுப்பு, ஒரு போலி உருவம். இந்தத் திருட்டு முழுவதிலும் அவன் ஒருவரையும் குத்தவில்லை பார்.

அதைவிட அதற்கு அடுத்து ஒரு காவலன் பேசுவதுதான் உனக்காகவே எழுதியது. மழை பெய்கிற நடுச்சாமம், நீல உடையில், கையில் உளியோடு ஒருவன் வந்தான், நான் வாளை உருவினேன், என் வாளையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டான், எந்தப் பக்கம் தேடியும் காணோம் என்கிறான். அவன் தோற்றவன். ஆனால் உடையின் நிறம் தெரிந்தது, உளி தெரிந்தது, வாளை உருவவும் நேரம் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல அவனிடம் ஒரு கதை இருக்கிறது. நிழலனிடம் தோற்கிறவனுக்கு இந்த அளவாவது கொடு. "திடீரென்று செத்தேன்" என்று சொல்கிறவன் மறுநாள் வர மாட்டான். "நீலமாக என்னவோ தெரிந்தது, திரும்புவதற்குள்" என்று சொல்கிறவன் லாந்தர் வாங்கிக்கொண்டு வருவான்.

அந்தக் காதையின் முடிவு உனக்குத் தெரியும், தப்பான ஆளை வெட்டிவிட்டார்கள். மதுரையே அதற்கு விலை கொடுத்தது. இதையும் கேமுக்குள் கொண்டுவா. டீம் ஃபோர்ட்ரஸில் சொந்த ஆளைச் சுட்டால் காயம் படாது, அதனால் எல்லோரும் எல்லோரையும் சும்மா சுட்டுப் பார்த்து ஸ்பையைத் தேடுவார்கள். அங்கே வேகமான ஆட்டம், அது சரி. உன் சாவடியில் சந்தேகப்பட்டு ஒரு அப்பாவி வியாபாரியை அடித்தால் காவலனுக்கு அபராதம் வரட்டும், சாவடியில் அவன் பேர் கெடட்டும். அப்போதுதான் மாறுவேடம் போட்டவனைப் பார்த்து அவன் யோசிப்பான். கேள்வி கேட்பான், பின்னால் நடந்து பார்ப்பான், வண்டியில் என்ன சரக்கு என்று விசாரிப்பான். நிழலனும் பதில் சொல்லி நடித்தாக வேண்டும். ஒரு குத்துக்குள் முடிகிற விஷயத்தை இப்படி ஐந்து நிமிஷத்துக்கு இழுக்கலாம்.

கடைசியாக ஒன்று. அஞ்சு பேர் சேர்ந்து குகைக்குப் போகும்போது நிழலனை ஏன் கூப்பிட வேண்டும்? டேமேஜ் அடிப்பான் என்பது பதில் இல்லை, அதை வில்லாளியும் அடிப்பான். 1999-இல் வந்த எவர்க்வெஸ்டில் அந்தக் காலத்தில் செத்தால் உன் சாமான் எல்லாம் செத்த இடத்தில் பிணத்தோடு கிடக்கும். குழு மொத்தமும் குகையின் அடியில் செத்துப்போனால் எடுக்கப் போகிறவர்களும் சாவார்கள். அப்போது ஊரெல்லாம் தேடுவது ஒரு ரோக்கைத்தான். அவன் பதுங்கிப் போய், பிணங்களை ஒவ்வொன்றாக இழுத்து வாசலில் கொண்டுவந்து போடுவான். அந்தக் கேமில் ரோக்குகளை ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த உதவிக்காகத்தான். இப்படி ஒரு காரியம் நிழலனுக்கு வேண்டும். கணவாயில் பனி மூடினால் முன்னால் போய்ப் பாதை குறித்துவிட்டு வருகிறவன், சாவடியின் சங்கிலியை உள்ளிருந்து அவிழ்க்கிறவன், எதுவாக இருந்தாலும் சரி, மற்றவர்கள் அவனுக்காகக் காத்திருக்க வேண்டும்.

எண்கள் வேண்டுமென்றால் என் கணிப்பைச் சொல்கிறேன். முதல் குத்து எதிராளியின் ஹெல்த்தில் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது. கையைக் கட்டிப்போடுவது ஒரு தடவைக்கு இரண்டு வினாடி, அதற்கு மேல் வேண்டாம். மறைவில் நடை வேகம் முக்கால். இதெல்லாம் ஆடிப் பார்த்து மாற்ற வேண்டியவை, என் வார்த்தையை வேதமாக எடுத்துக்கொள்ளாதே. டெஸ்ட் வைக்கும்போது நிழலனாக ஆடுகிறவன் திரையைப் பதிவு செய்து அனுப்பாதே, அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அடி வாங்குகிறவன் திரையை, சத்தத்தோடு, அவன் திட்டுகிற திட்டோடு அனுப்பு.

அம்மாவுக்குக் கண் பரிசோதனைக்கு நாள் குறித்தாயிற்றா? கண்ணாடி மாற்றாமல் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று சொல்வாள், விடாதே. பணம் இந்த வாரம் போட்டுவிடுகிறேன்.

அடுத்த டெஸ்ட் எப்போது என்று சொல். எனக்கு ஒரு வண்டிக்கார வியாபாரி அக்கவுண்ட் திறந்து வை, மிளகு மூட்டையோடு வருகிறேன். நீயே நிழலனாக வா.

அன்புடன்,
அக்கா